நீக்கப்பட்ட ஒன்பதாவது கேள்வி

வினாத்தாள் தயாரிப்பதில் நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு நெடுநாளாக இருந்தது. பெருங்களத்தூர் பக்கம் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் எடுக்கிறேன். அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். அது போனதில் எனக்கு வருத்தமில்லை. போகும்போது ஒரு பெண்ணின் இயற்பியல் படிப்பையும் இழுத்துக்கொண்டு போனது. அதைத்தான் இன்னும் செரிக்க முடியவில்லை.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து ப்ளஸ் ஒன்னில் முதல் குரூப் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அது முழுதாகக் கொடுத்ததல்ல. இரண்டு மாதம் கழித்து இயற்பியலில் ஒரு தேர்வு வரும். அதில் நூற்றுக்கு நாற்பது எடுக்காதவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டு, "உங்க பிள்ளையோட நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று ஆரம்பித்து, காமர்ஸ் குரூப்புக்கு மாற்றிவிடுவார்கள். ப்ளஸ் டூவில் பள்ளியின் சராசரி குறைந்துவிடக்கூடாது என்பதுதான் உண்மைக் காரணம். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்தத் தேர்வு பல வருடம் வெறும் மனப்பாடத் தேர்வாகவே இருந்தது. வரையறு, விதியைக் கூறு, சமன்பாட்டை வருவி. போன வருடம் கோடை விடுமுறையில் எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். உயர்நிலைச் சிந்தனைத் திறனைச் சோதிக்கும் கேள்விகள் கேட்க வேண்டும் என்று மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் பள்ளியில் என்ன நடந்தது தெரியுமா? நியூட்டனின் மூன்றாம் விதியைக் கூறு என்று இருந்ததை, நியூட்டனின் மூன்றாம் விதியைப் பகுப்பாய்வு செய் என்று மாற்றினார்கள். விடைக்குறிப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. வினைச்சொல்லை மாற்றினால் பிள்ளைகளின் மூளை மாறிவிடும் என்று எங்கள் ஆட்கள் உண்மையிலேயே நம்பினார்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். முதல்வர் மேடத்திடம் போய், "இந்த வருஷம் ப்ளஸ் ஒன் தேர்வை நான் ஒழுங்கா பண்ணித் தரேன் மேடம்" என்றேன். "எப்படின்னு எழுதிக் குடுங்க மிஸ்" என்றார். எழுதிக் கொடுத்தேன். நாலு பக்கம். தேவாலயத்தில் சாட்சி சொல்பவர்களுக்கு வருகிற மாதிரி ஒரு வேகம் எனக்கு அன்றைக்கு வந்திருந்தது.

அந்த நாலு பக்கத்தில் நான் எழுதிய விதிகளைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் ஒவ்வொன்றும் என் கழுத்தைப் பிடித்தது. ஒன்று, வினாத்தாளைச் சக ஆசிரியர்கள் ஐந்து பேர் பார்த்து, ஒவ்வொரு கேள்வியும் சிந்தனையைச் சோதிக்கிறதா என்று படிவத்தில் குறிக்க வேண்டும். அடுத்தது, தேர்வுக்கு முன்னால் வேறு வகுப்பில் அதை வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். கேள்வி தயாரித்தவரே விடைத்தாளைத் திருத்தக்கூடாது. விடைத்தாளில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண்தான் இருக்க வேண்டும். கடைசியாக, தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு கேள்வியையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நன்றாகப் படிக்கிறவர்கள் தப்பாகவும் படிக்காதவர்கள் சரியாகவும் எழுதியிருந்தால், அது கோளாறான கேள்வி. அதை நீக்கிவிட்டு மீதியை வைத்து மதிப்பெண் போட வேண்டும்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. தேர்வு வைப்பதைப் பற்றிய எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும். எல்லாமே நியாயத்துக்காக வைத்த விதிகள்.

பத்துக் கேள்விகள் தயாரித்தேன், கேள்விக்கு மூன்று மதிப்பெண். பத்துக் கேள்விக்கு ஏழு வாரம் ஆயிற்று. சமையலறையில் குழம்பு கொதிக்கும்போது கேள்வி கொதிக்கும். ஒரு நாள் புளி போடாமலே ரசம் வைத்தேன். வீட்டுக்காரர் குடித்துவிட்டு, "எத்தனாவது கேள்வி?" என்று மட்டும் கேட்டார்.

பெரும்பாலான கேள்விகள் நீளமானவை. அரைப் பக்கத்துக்கு ஒரு சூழ்நிலையை விவரித்து, அட்டவணை கொடுத்து, அதிலிருந்து யோசிக்க வைப்பவை. ஒன்பதாவது கேள்வி மட்டும் மூன்றே வரி. எங்கள் பள்ளி ஆங்கில வழி. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு லாரி திடீரென்று பிரேக் போட்டதில் இருபது மீட்டர் நீளத்துக்கு டயர் தேய்ந்த தடம் விழுந்திருக்கிறது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்ததாக ஓட்டுநர் சொல்கிறார். அவர் சொல்வது உண்மையா என்று முடிவு செய்ய முடியுமா?

இதில் விஷயம் என்னவென்றால், முடியாது. கொடுத்திருக்கிற தகவல் போதாது. தடத்தின் நீளத்திலிருந்து வேகத்தைக் கண்டுபிடிக்கச் சாலையின் உராய்வு எவ்வளவு, அதாவது உராய்வுக் கெழு என்ன என்று தெரிய வேண்டும். அதை நான் வேண்டுமென்றே கொடுக்கவில்லை. என்ன தெரியவில்லை என்று தெரிந்துகொள்வதுதான் யோசனையின் முதல் படி என்பது என் எண்ணம். அந்த மூன்று வரி தோன்றியபோது நான் பெருங்களத்தூர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களைப் போல முண்டியடித்துக்கொண்டு ஒரு சந்தோஷம் வந்தது. இரண்டு பேருந்தை விட்டுவிட்டேன்.

ஐந்து சக ஆசிரியர்களிடம் படிவத்தைக் கொடுத்தேன். நாலு பேர் டீ குடித்துக்கொண்டே எல்லாக் கட்டங்களிலும் 'மிகப் பொருத்தம்' என்று டிக் அடித்துக் கொடுத்தார்கள். கூட வேலை செய்கிறவர் தயாரித்ததில் குறை சொல்வது எங்கள் ஸ்டாஃப் ரூமில் மரியாதையில்லாத செயல். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வதற்குச் சமம். இயற்பியல் எடுக்கும் இன்னொரு ஆசிரியர், மேடவாக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவர், அவர் ஒருவர்தான் முழுதும் படித்தார்.

"ஒம்பதாவது பிரமாதம் மிஸ். ஆனா பாருங்க, ஒருத்தனும் 'முடியாது'ன்னு எழுத மாட்டான். கேள்வின்னா விடை இருக்கும்னு நாமதானே பதினோரு வருஷமா சொல்லிக் குடுத்திருக்கோம்?"

"யாராவது ஒருத்தர் எழுதுவாங்க சார்" என்றேன்.

"மத்ததெல்லாம் கொஞ்சம் நீளமா இருக்கே. இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கே மூச்சு வாங்கும்" என்றார். நீளமாக இருந்தால்தான் ஆழமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் பத்தாவது வரை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தமிழ் வழியில் படித்தவள். அம்மா அங்கேயே ஒரு தொழிற்சாலையில் பொருட்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை. அப்பா இல்லை. தினமும் எலெக்ட்ரிக் ரயிலில் வந்து போவாள். வகுப்பில் கடைசிக்கு முந்தின பெஞ்ச். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசுவதற்குள் வேர்த்துவிடும். ஆனால் தமிழில் கேள்வி கேட்பாள், என்னைத் திணறடிக்கிற கேள்விகள். ஒருமுறை, "ரயில் கிளம்பறப்போ பின்னாடி சாயறோம், நிக்கறப்போ முன்னாடி சாயறோம், சரி மிஸ். ஆனா நின்ன அப்புறம் ஒரு தடவை பின்னாடி வெட்டுதே, அது ஏன்?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானும் ரயிலில் போகிறவள்தான், எனக்கே தோன்றியதில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன்.

வருட ஆரம்பத்தில் எல்லோரையும் மேலே என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டபோது, மற்றவர்கள் கம்ப்யூட்டர், டாக்டர், கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். இவள் எழுந்து, "பிசிக்ஸ் மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது. "பிசிக்ஸ் படிச்சிட்டு?" என்று நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். "தெரியாது மிஸ். இன்னும் படிக்கணும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் யாரும் அந்த விடையை என்னிடம் சொன்னதில்லை.

அவளுக்கு அந்தத் தேர்வில் நாற்பது வேண்டும். அது வந்தால் இயற்பியல். வராவிட்டால் கணக்குப்பதிவியல். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனதுக்குள் நான் என்ன நினைத்தேன் என்றால், இந்தத் தேர்வே இவளைப் போன்றவர்களுக்காகத்தான், இதுவரை மனப்பாடம் செய்ய முடியாமல் தோற்றவர்கள் இதில் மேலே வருவார்கள் என்று. அப்படித்தான் நடக்கும் என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

ஒத்திகையை ப்ளஸ் டூ வகுப்பில் வைத்தேன். போன வருடம் படித்த பாடம்தானே. முப்பத்தெட்டு வினாத்தாள் கொடுத்து முப்பத்தெட்டையும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டேன். கைப்பேசி பள்ளிக்குள் வரவே முடியாது. பாதுகாப்பாக இருக்கிறது என்று திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு டியூஷன் சென்டருக்குப் போகிறவர்கள். அங்கே ஒரு முறை உண்டு. அது எனக்கு அப்போது தெரியாது. எந்தப் பள்ளியில் எந்தத் தேர்வு நடந்தாலும், போகிற பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பங்கு பிரித்துவிடுவார்கள். நீ ஒன்றும் இரண்டும், நீ மூன்றும் நாலும். அவரவர் பங்குக் கேள்வியை மட்டும் எழுத்துப் பிசகாமல் மனதில் வாங்கிக்கொண்டு வந்து சாயங்காலம் ஒப்பிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முழு வினாத்தாளும் தயார். மனப்பாடத்தை ஒழிக்க நான் தயாரித்த தாளை மனப்பாடம் செய்தே வெளியே கொண்டுபோய்விட்டார்கள்.

டியூஷன் சார் பத்துக் கேள்விக்கும் விடை எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒன்பதாவது கேள்விக்கு, அவருக்கும் விடை இல்லாமல் ஒரு கேள்வி இருக்க முடியும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது. உராய்வுக் கெழு 0.7 என்று தானாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வருகிறது. ஆகவே ஓட்டுநர் பொய் சொல்கிறார். முற்றும்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. தேர்வு நடந்தபோது ஒன்றும் தெரியாது. தேர்வறையில் நான் மேற்பார்வையாளர். முன் பெஞ்ச் பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதுவதைப் பார்த்து, எப்படி யோசிக்கிறார்கள் என்று பூரித்துப் போனேன். அந்தப் பெண் முதல் கேள்வியின் அரைப் பக்கத்தை விரல் வைத்து, உதடு அசைத்து, வார்த்தை வார்த்தையாக வாசித்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். இரண்டாவது கேள்வியில் இருந்தாள். விரல் அப்போதும் தாளில்தான் இருந்தது. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். அந்தத் தாள் அவளுடைய யோசனையை அளக்கவில்லை, ஆங்கிலம் வாசிக்கும் வேகத்தை அளந்துகொண்டிருந்தது. நானோ நேரமாகிவிட்டது என்று மணியைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

விதிப்படி நான் திருத்தவில்லை. மேடவாக்கம் சார் திருத்தினார். என் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு நேர்மையாகத்தான் திருத்தினார். என் கைக்கு வந்தது குறியீட்டு எண்களும் கேள்விவாரியான மதிப்பெண்களும் கொண்ட ஒரு பட்டியல். சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பினார். மறுநாள் ஆராதனை முடிந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

கணக்கு சுலபம். மொத்த மதிப்பெண்ணில் மேலே இருக்கும் பன்னிரண்டு பேரையும் கீழே இருக்கும் பன்னிரண்டு பேரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் மேல் கூட்டத்தில் எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள், கீழ்க் கூட்டத்தில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். மேலே அதிகம், கீழே குறைவு என்றால் நல்ல கேள்வி; தலைகீழாக வந்தால் நெகட்டிவ். ஒன்பது கேள்விகள் அழகாக வந்தன. ஒன்பதாவது கேள்வி வந்தபோது கட்டம் சிவப்பாயிற்று. மேல் பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் சரி. கீழ்ப் பன்னிரண்டு பேரில் ஆறு பேர் சரி.

படிக்கிறவர்கள் தப்பு, படிக்காதவர்கள் சரி. கோளாறான கேள்வி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்கு மனசு கேட்கவில்லை. ஏழு வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான். திங்கட்கிழமை விடைத்தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு, பிடித்தது என்பதற்காக விதியை வளைத்தால் நான் என்ன ஆசிரியை என்று என்னையே திட்டிக்கொண்டேன். முதல்வர் மேடம் வேறு அன்றைக்கே பட்டியல் வேண்டும் என்று இரண்டு முறை செய்தி அனுப்பியிருந்தார். அந்த வரிசையைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். முப்பதுக்குப் பதில் இருபத்தேழு என்று மாற்றினேன். அனுப்பிவிட்டு மீன் குழம்பு வைக்கப் போனேன். அன்றைக்கு எல்லாம் சரியாகப் போட்டேன்.

இரண்டு நாளில் பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. உயர்நிலைச் சிந்தனைத் திறன் தேர்வில் நூற்றுக்கு நூறு என்று ஏழு பிள்ளைகளின் படம். ஒன்பதாவது கேள்வி இல்லாததால் வந்த நூறு. பெற்றோர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முதல்வர் மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாற்பதுக்குக் கீழே போனவர்களின் வீட்டுக்கும் அதே நாளில் தகவல் போய்விட்டது.

விடைத்தாள் கட்டு என் மேசைக்கு வந்தது புதன்கிழமை. பெயர்களைச் சேர்த்துப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். ஆசையில் ஒன்பதாவது விடைகளை மட்டும் புரட்டினேன். முதல் தாள், ஓட்டுநர் பொய் சொல்கிறார். இரண்டாவது, ஓட்டுநர் பொய் சொல்கிறார். எட்டாவது தாள் வரும்போதுதான் உறைத்தது. எல்லாவற்றிலும் 0.7. அந்த எண் என் வினாத்தாளில் எங்குமே இல்லை. பதினெட்டு தாளில் ஒரே எண், ஒரே வரிசை, ஒரே கடைசி வாக்கியம்.

நூறு வாங்கிய ஒரு பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கொஞ்சமும் பயப்படவில்லை. "டியூஷன்ல ஷீட் குடுத்தாங்க மிஸ். எல்லா கொஸ்டினும் அப்படியே வந்துச்சு. சூப்பர் பேப்பர் மிஸ்" என்றான். பங்கு பிரிக்கிற கதையையும் அவன்தான் சொன்னான், பெருமையாக. இதில் தப்பு எங்கே என்றே அவனுக்குத் தெரியவில்லை.

கட்டின் அடியில் அவள் தாள் இருந்தது. முதல் மூன்று கேள்விகளில் ஒன்பது மதிப்பெண், ஒன்றுகூடத் தப்பில்லை. நாலிலிருந்து எட்டு வரை வெற்றிடம், பத்தாவதும் வெற்றிடம். நேரம் போய்விட்டதென்று தெரிந்ததும் சிறிய கேள்வியைத் தேடிப் போயிருக்கிறாள். ஒன்பதாவதுக்கு உடைந்த ஆங்கிலத்தில், நடுவில் இரண்டு தமிழ்ச் சொற்களோடு எழுதியிருந்தாள். இந்தத் தகவலை வைத்துச் சொல்ல முடியாது. லாரியில் எவ்வளவு பாரம் என்பது வேண்டாம், அது கணக்கில் அடிபட்டுப் போய்விடும். உராய்வுக் கெழு 0.3 அளவில் இருந்தால் அவர் சொல்வது உண்மை, அதைவிட அதிகம் என்றால் பொய். அன்றைக்கு மழை பெய்ததா, சாலை ஈரமா என்று கேட்க வேண்டும். தடம் முடிந்த இடத்தில் லாரி தானாக நின்றதா, எதன் மீதாவது மோதி நின்றதா என்றும் கேட்க வேண்டும். மோதியிருந்தால் இந்தக் கணக்கே செல்லாது.

கடைசியில் சொன்னது என் விடைக்குறிப்பில்கூட இல்லை. எனக்குத் தோன்றவில்லை.

மேடவாக்கம் சார் மூன்றுக்கு மூன்று போட்டு, ஓரத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் வரைந்திருந்தார். மொத்தம் முப்பதுக்குப் பன்னிரண்டு. சரியாக நாற்பது சதவீதம். அவள் தேறியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வரிசையை நீக்கியபோது இருபத்தேழுக்கு ஒன்பது ஆகிவிட்டது. நான் மட்டும் சும்மா இருந்திருந்தால் அவள் இயற்பியல் படித்திருப்பாள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுவது மிகையில்லை, மாடிப்படியில் செருப்பு அறுந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். கேள்வி வெளியே போனது, சரியாக யோசித்தவர்கள் கீழே போனது, கோளாறு கேள்வியில் இல்லை என்பது. மேடம் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அலமாரியைத் திறந்து என் நாலு பக்கத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"மிஸ், இது நீங்க எழுதிக் குடுத்த ரூல்தானே? நெகட்டிவ் வந்தா எடுத்துடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம் மேடம். ஆனா..."

"இப்ப திருப்பிச் சேர்த்தா அந்த ஏழு பேரோட நூறு போயிடும். வாசல்ல போர்டு வச்சாச்சு. பேரண்ட்ஸுக்கு நான் என்ன சொல்றது?"

"மறு தேர்வு வைக்கலாம் மேடம். புதுசா தயார் பண்றேன்."

"அதுவும் வெளிய போகாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?" முடியாது. "அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல எவ்ளோ வீக்னு உங்களுக்கே தெரியும். ஆறு கேள்வி தொடவே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு போர்டு எக்ஸாம்ல ஃபெயிலாச்சுன்னா நீங்க பொறுப்பு எடுத்துப்பீங்களா மிஸ்?"

எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். எனக்கு வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் ஃபெயிலானதைப் பார்த்திருக்கிறேன், அந்த பயம் எனக்குள் ஊறிப் போயிருந்தது. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அதற்கு நான் இன்றுவரை சமாதானம் கண்டுபிடிக்கவில்லை.

ஒன்பதாவதைச் சரியாக எழுதியும் கீழே போன ஆறு பேரில் மூன்று பேருக்கு அந்த மூன்று மதிப்பெண்தான் கோட்டைத் தாண்டுவதற்குத் தேவைப்பட்டது. இரண்டு பையன்கள் காமர்ஸ் என்றதும் விட்டது தொல்லை என்று சந்தோஷமாகப் போனார்கள். மூன்றாவது அவள்.

அவள் அம்மா ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். தொழிற்சாலையின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "உள்ள வாங்கம்மா" என்று நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"இன்னா மிஸ், அது நல்லாத்தானே படிச்சிகினு இருந்துச்சு? நைட்டும் பகலும் உங்க பாடத்தைத்தான் வச்சிகினு உக்காந்துகினு கீது. எனக்குப் படிப்பு தெரியாது. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

என்னிடம் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல்வர் அறையில் போய்க் கத்தியிருந்தால் நானும் கூடப் போய் நின்றிருப்பேனோ என்னவோ. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் மதிய இடைவேளையில் அந்தப் பெண் குரூப் மாற்றும் படிவத்தோடு என்னிடம் வந்தாள். அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே பாட ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். அழுத முகமாகத் தெரியவில்லை. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவள் விடைத்தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் காட்டவேண்டும் என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நீ எழுதியதுதான் சரி, இந்தப் பள்ளியில் என்னையும் சேர்த்து யாரும் அப்படி யோசிக்கவில்லை, தப்பு என்னுடையது என்று.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"ஒம்பதாவது கேள்வியை எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. ஏன் மிஸ்? அது தப்பான கேள்வியா?"

இல்லை என்றால் அவள் அடுத்து கேட்பாள். அப்போ எதுக்கு எடுத்தீங்க என்று கேட்பாள். யார் எடுத்தது என்று கேட்பாள். அவள் கேள்வி கேட்கிற பெண். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிவிட்டு, அதே கையால் அந்தப் படிவத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

"ஆமாம்மா" என்றேன். "தப்பான கேள்வி."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்திருக்கக் கூடாது நான்.

"அப்ப சரி மிஸ். நான் வேற, அதை மட்டும் நாமளே யோசிச்சுக் கரெக்டா எழுதிட்டோம்னு நினைச்சுகினு இருந்தேன்" என்று சொல்லி, வெட்கப்பட்டுச் சிரித்தாள். "இனிமே அப்படி எழுத மாட்டேன் மிஸ். புக்ல என்ன இருக்கோ அதையே எழுதறேன்."

படிவத்தை என் பக்கம் தள்ளி, பேனாவையும் அவளே மூடி கழற்றிக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டேன்.